குழைந்த சோறு

என் தங்கச்சி மாப்பிள்ளையை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சக்கரம் என்றால்தான் தெரியும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று ஒரு நாள் கோபத்தில் நான்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அவன் மகளே "சக்கரம் அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பேர் வைத்த பாவத்துக்கு இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவன் லிஃப்ட் பொருத்துகிறவன். பழுது பார்ப்பவன் இல்லை, முதன்முதலில் பொருத்துகிறவன். கட்டடம் எழும்பும்போது லிஃப்டுக்கென்று அடியிலிருந்து உச்சி வரை ஓர் இருட்டுப் பொந்து விடுவார்களாம். அவர்கள் ஆட்கள் அதைக் கிணறு என்றுதான் சொல்வார்கள். அந்தக் கிணற்றின் உச்சியிலிருந்து கம்பியில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, அதை வைத்து இரண்டு இரும்புத் தண்டவாளங்களை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மயிரிழை பிசகினால் பெட்டி உதறும். எல்லாம் சரியாகி, முதல் ஆள் பொத்தானை அழுத்தி உள்ளே ஏறும்போது இவன் வேறொரு நாட்டில் வேறொரு கிணற்றில் இருப்பான்.

"மேல போய்க் கீழ வர்றதுக்கு இவ்வளவு தூரம் போகணுமாடா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் எங்க மச்சான் மேல போனேன், கீழ வந்தேன்? நடுவுலதானே தொங்கிட்டிருக்கேன்" என்று சிரித்தான்.

நான் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவிலிருந்து ஆஸ்பத்திரி வழியாக ரயில்நிலையம் வரை, மறுபடி ரயில்நிலையத்திலிருந்து டிப்போ. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே தடம்தான். அவசரக்காரர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவனை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடக்கிறது, இவன் படியருகே நின்றுகொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறான். "உக்காருங்க, இல்ல இறங்குங்க" என்றேன். "இறங்கிக்கறேன்" என்று இறங்கியே விட்டான். அன்றைக்கு ரோட்டில் இருந்த நெரிசலில் நான் உருட்டிக்கொண்டு ரயில்நிலையம் போய்ச் சேர்ந்தால், இவன் எனக்கு முன்னால் நடந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் ஒரு டீ சொல்லியிருந்தான். அப்படி ஒட்டிக்கொண்ட சிநேகம், என் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கிற வரை போயிற்று. அதனால் அவன் அடிக்கிற கூத்துக்கெல்லாம் வீட்டில் முதல் திட்டு எனக்கு.

தங்கச்சி பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு வார்த்து, அதில் பல் பல்லாக நட்டு, கடித்தால் மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கிற வேலை. எங்கள் பக்கத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவள் கைவண்ணத்தில்தான் சிரிக்கிறார்கள். பொறுமைக்காரி. நாங்கள் இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர்களுக்குக் கல்யாணமான முதல் வாரம். புதுக்குடித்தனம் வைத்த வீட்டுக்கு ஒரு மேசை விசிறி வாங்கிக்கொண்டு போனேன். தங்கச்சி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. தட்டில் இருந்த சோறு கூழுக்கு அண்ணன், களிக்குத் தம்பி. கரண்டியை எடுத்தால் தட்டும் சேர்ந்து வரும். முதல் வாரமே இப்படியா என்று அவன் கத்தப்போகிறான் என்று பார்த்தால், பையன் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "எனக்குக் குழைஞ்ச சோறுன்னா உயிர். யார் சொன்னாங்க உனக்கு?" என்றான். மறுசோறு வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அடுத்த வாரம் அவனுக்கு முதல் வெளிநாட்டு வேலை. கிளம்பிவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா? தங்கமான மாப்பிள்ளை, சோறு குழைந்தாலும் முகம் சுளிக்காதவன் என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து அவன் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அவனுக்கென்று தனியாக ஒரு சட்டியில் சோற்றைக் குழைய விட்டார்கள். என் மனைவியும் விட்டாள். தங்கச்சி ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டாள். அவன் வந்து இறங்குகிற அன்றைக்கும், கிளம்பிப் போகிற அன்றைக்கும் குழைந்த சோறு. மகள் பிறந்து பேச ஆரம்பித்ததும் அதற்கு 'அப்பா சோறு' என்று பேர் வைத்தாள். ஒரு வாய் கூட அவள் தொடமாட்டாள்.

வருஷங்கள் இப்படியே ஓடின. வருவான், கொஞ்ச நாள் இருப்பான். இருக்கிற நாளிலும் இருக்க மாட்டான். வாசலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், மேசை ஆடும், மேசைமேல் இருக்கிற தண்ணீர் ஆடும். பல் தேய்க்கிற பிரஷ் கூடப் பிரயாணப் பையின் பக்கவாட்டு அறையில்தான் இருக்கும்; தேய்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைப்பான். அந்தப் பையை அவன் முழுதாகக் காலி செய்து நான் பார்த்ததில்லை. ஊதா நிறம், ஒரு பக்கம் ஜிப் போய் ஊக்கு குத்தியிருக்கும். அந்தப் பையைப் பார்த்தாலே எனக்கு உதைக்கலாம் போல இருக்கும்.

இந்தத் தடவை வந்தவன், "இனிமே எங்கயும் போகல" என்றான். ஆஸ்பத்திரியில் புது லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்தான். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாள்தான். அப்புறம் பழையபடி வாசல், ஜன்னல். வேலை விட்டு வீட்டுக்குப் போகாமல் என் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போக ஆரம்பித்தான். கேட்டால், "சும்மா மச்சான்" என்பான். பயந்ததுபோலவே பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. கடற்கரை நகரம் ஒன்றில் பெரிய கோபுரம், நாலைந்து கிணறு, வருகிறாயா? திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அதைத் தங்கச்சிதான் வந்து சொன்னாள். டிப்போ வாசலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

"லேப் பக்கத்துல ஒரு வீடு பாத்துட்டேன் அண்ணா. சின்ன வீடு. ரெண்டு பேருக்குப் போதும்."

"ரெண்டு பேருன்னா?"

"நானும் பாப்பாவும். இந்தத் தடவை அவர் போனா, அவர் திரும்பி வர்றதுக்கு நான் ஒரு வீட்டை வச்சுக்கிட்டுக் காத்திருக்க மாட்டேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சரின்னு தலைய ஆட்டினார். போறேன்னும் சொல்லல, போகலன்னும் சொல்லல." குரல் உயரவே இல்லை. "சண்டை போட்டாலாவது தேவலை அண்ணா. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட எப்படிச் சண்டை போடறது?"

அவள் அழுதிருந்தால் நான் அவனைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அழவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டி ஓட்டிப் போய்ப் பயணிகளிடம் வசவு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கச்சி வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. எல்லாரும் என்றால் எங்கள் கூட்டம்: நான், மருந்துக்கடைக்காரர், கேப்டன். கேப்டன் கப்பல் ஓட்டியவர் இல்லை, கப்பலில் சமையல்காரர். வெள்ளைத் தொப்பி போட்டு நின்ற ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றி வாங்கிய பட்டம்.

கை கழுவி உட்கார்ந்தோம். எங்களுக்குப் பெரிய பாத்திரத்தில் உதிரி உதிரியான சோறு. அதற்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்னச் சட்டி ஒன்று இருந்தது. வருகிற நாள் சட்டி, இல்லாவிட்டால் போகிற நாள் சட்டி. அவன் வந்துதான் மாசக்கணக்கில் ஆகிவிட்டதே, அப்படியென்றால் இது போகிற நாள் சட்டி. அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். முழங்கால் ஆட ஆரம்பித்தது.

யாராவது எதையாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. கேப்டன்தான் கை கொடுத்தார்.

"உடம்புக்கு முடியாம ஊர் பேர் தெரியாத இடத்துல கிடக்கும்போது, எதைத் தின்னா உசிரு வரும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். நான் ஆரம்பிக்கிறேன்."

அவர் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு தடவை நடுக்கடலில் புயலாம். கப்பலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குடலைக் கக்கிக்கொண்டு குப்புறக் கிடக்கிறார்களாம். ஆளுக்கொரு நாடு. ஒருவன் அரிசிக் கஞ்சி கேட்கிறான். ஒருவன் பாலில் ஊறவைத்த ரொட்டி கேட்கிறான். இன்னொருவன் மசித்த உருளைக்கிழங்கு, இன்னொருவன் சோளமாவுக் கூழ்.

"பாத்தேன். எல்லாம் வெள்ளையா, கொழகொழன்னு, உப்பு கம்மியா இருக்கு. ஒரே அண்டாவில கஞ்சி வச்சேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் போய், இது உங்க ஊர் சாப்பாடுதான், சாமான் சரியா கிடைக்கல, கோவிச்சுக்காதன்னு சொன்னேன். ஒருத்தன் விடாம, கிட்டத்தட்ட எங்கம்மா செய்யற மாதிரியே இருக்குன்னு கண்ணத் துடைச்சுக்கிட்டான்!"

"உருளைக்கிழங்கு கேட்டவனுமா?" என்றேன்.

"அவன்தான் ரெண்டாவது கிண்ணம் கேட்டான்."

மருந்துக்கடைக்காரர் இளம் வயதில் ஒரு பனி நாட்டில் படித்தவர். சலவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தாராம். சளி பிடித்தால் வீட்டுக்காரம்மா வெங்காயம் போட்டு ஒரு சூப்பு வைத்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவாளாம். உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. அங்கே இருந்தவரை அதைத் திட்டிக்கொண்டே குடித்தார். இங்கே வந்த பிறகு சளி பிடித்தால் அதுதான் வேண்டியிருக்கிறதாம்.

"என் வீட்டுக்காரி செய்யறா. எல்லாம் போட்டுச் செய்யறா. ரொம்ப ருசியா இருக்கு. அதனாலயே அது அந்த சூப்பு இல்ல" என்று பெருமூச்சு விட்டார்.

எனக்கு வெளிநாடும் கிடையாது, வெங்காய சூப்பும் கிடையாது. டிப்போ டீயில் முக்கின பன் என்றேன். நான்கு பேர் சிரித்தார்கள். மனசுக்குள் எனக்கு எரிந்தது. நாடு நாடாகத் தின்றுவிட்டு வந்து கதை அளக்கிறான்கள், இங்கே ஒருத்தி வீடு மாறப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நீ சொல்லுடா மாப்ளே. நீதான் பெரிய ஊர்சுத்தி" என்றேன்.

சக்கரம் பேச ஆரம்பித்தான். மணல் நாட்டில் ஒரு தகர அறை. எட்டுப் பேர் தங்குகிற இடம். அடுப்பு வைக்கக்கூடாது என்று உத்தரவு. இவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். மேல் கட்டிலில் படுத்திருந்தவன் வேறு நாட்டுக்காரன். அவன் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவனுக்குத் தெரியாது. அவன் தண்ணீர் சுடவைக்கிற மின்சார ஜாடியில் உருளைக்கிழங்கைப் போட்டு வேக வைத்து, கையாலேயே நசுக்கி, உப்பு தூவி இவன் வாயில் திணித்தானாம்.

"பாதியில போதும்னு தள்ளினேன். திட்டினான் மச்சான்! என்ன பாஷையோ, என்ன வார்த்தையோ. திணிக்கிறான், திட்டறான். மூக்கு மேல கோபம் அவனுக்கு. எனக்கு அன்னைக்குத்தான் யாரோ என் மனுஷங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு."

சொல்லும்போது அவன் முழங்கால் ஆடவில்லை. நான் கவனித்தேன். தங்கச்சியும் கவனித்தாள். சட்டியின் மூடியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்னை யாரும் கேக்கலயே" என்றாள்.

"நீ எந்த நாட்டுக்கும்மா போனே?" என்றார் கேப்டன்.

"நான் எங்கயும் போகல. ஆனா எனக்கும் உடம்புக்கு வருமில்ல? இவர் அங்க காய்ச்சல்ல கிடந்தப்ப நானும் இங்க கிடந்திருப்பேன்ல?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வாட்டின ரொட்டி. நல்லா முறுகலா, வறட்டு வறட்டுன்னு. கடிச்சா பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்கணும். நாள் பூரா பல்லோட மாரடிக்கிறேன், என் பல்லுக்கும் ஏதாவது வேலை வேணாமா?"

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, உனக்கும் குழைஞ்ச சோறுதானே? நீயும் அவன்கூட உக்காந்து அதைத்தானே சாப்பிடுவே?" என்றேன்.

"ஐயோ, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது அண்ணா. தொண்டையில இறங்காது. அவருக்குப் பிடிக்குமேன்னு கூட உக்காருவேன்."

"எனக்கு மட்டும் பிடிக்குதா என்ன?"

சொன்னது சக்கரம். வாய் தவறி வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேப்டன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் தங்கச்சி.

"இல்ல... அது..."

"பிடிக்காதா?"

"பிடிக்காது" என்றான் சக்கரம். "எப்பவுமே பிடிச்சதில்ல. பசை மாதிரி இருக்கும்."

"இத்தனை வருஷமா?"

"நீ அழுதியே! புதுக்குடித்தனம், முதல் வாரம், சோறு குழைஞ்சுபோச்சுன்னு அழுதுட்டு நின்னே. நான் என்ன பண்றது? பிடிக்கும்னு சொன்னேன். அப்புறம் உங்கண்ணன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டான். எந்த வீட்டுக்குப் போனாலும் சட்டியத் தூக்கிட்டு வர்றாங்க. எப்படி இல்லன்னு சொல்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

தங்கச்சி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சோத்துக்கா அழுதேன்?"

அவன் விழித்தான்.

"அன்னைக்குக் காலையில பல் தேய்ச்சுக்கிட்டே சொன்னீங்க, அடுத்த வாரம் கிளம்பறேன், வர ஒரு வருஷம் ஆகும்னு. தண்ணி கொண்டான்னு சொல்ற மாதிரி சொன்னீங்க. கல்யாணம் ஆகி ஆறு நாள். நான் அடுப்பு முன்னாடி நின்னு அழுதுட்டே இருந்தேன். உலை கொதிச்சதும் தெரியல, வெந்ததும் தெரியல." மூச்சு வாங்கினாள். "சோறு குழைஞ்சதால நான் அழல. நான் அழுததால சோறு குழைஞ்சுது."

அடுத்த அறையில் பாப்பா எதையோ படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. அந்தச் சிவந்த கண்ணை நானும்தான் பார்த்தேன். விசிறியை வைத்துவிட்டு, மாப்பிள்ளையை மெச்சிக்கொண்டு, வந்த வழியே போனேன்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றான் அவன்.

"நீங்கதான் ரசிச்சு ரசிச்சு சாப்பிட்டீங்களே. அப்புறம் போகாதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

அவன் எழுந்தான். வாசலுக்குப் போனான். ஜன்னலுக்கு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கேப்டன் தன் போக்கில் சின்னச் சட்டியின் மூடியை எடுத்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடி வைத்தார். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அவன் திரும்பவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் காலை முறை. ராத்திரி தூக்கம் இல்லாததில் கண் எரிந்தது. வழியில் குறுக்கே வந்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர்கள் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துகிறேன், சக்கரம் ஏறுகிறான். தோளில் ஊதாப் பை.

ரயில்நிலையம் போகிற பஸ் இது. என் பஸ்ஸிலேயே ஏறி, என் தங்கச்சியை விட்டுவிட்டுப் போகிறான். எஞ்சினை அணைத்தேன்.

"எங்கடா?"

"வண்டிய எடு மச்சான். நேரமாச்சு."

"எங்கன்னு சொல்லாம வண்டி நகராது."

பின்னாலிருந்து சனங்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று சத்தம் போட்டாள். வேறு வழியில்லாமல் எடுத்தேன். அவன் படியருகே நின்றான், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு. நான் கண்ணாடியில் ரோட்டைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம். ஆஸ்பத்திரி வந்தது, இறங்கவில்லை. வேலையையும் விட்டுவிட்டான் போல. அடுத்தது சந்தை. அதற்கடுத்து லேப் இருக்கிற தெரு. அங்கே மணி அடித்தான்.

பஸ் நின்றதும் என் ஜன்னல் பக்கமாக வந்தான்.

"பைய எதுக்குடா தூக்கிட்டு அலையறே?" என்றேன்.

பையை முன்பக்கம் திருப்பி ஊக்கைக் கழற்றினான். உள்ளே துணி இல்லை, ஒன்றும் இல்லை. அவன் வேலை இடத்துக்குக் கொண்டுபோகிற பழைய எவர்சில்வர் டப்பா மட்டும் இருந்தது.

"அவளுக்கு ரொட்டி வாட்டினேன் மச்சான். போட்டுக் கொண்டுபோக ஒரு பாத்திரம் தேடினா, வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. ஒரு கூடை எங்க இருக்குன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பையும் இந்த டப்பாவும்தான்." கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கால் நிற்கவில்லை. "லேப் வாசல் எந்தப் பக்கம்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி வேலை பார்க்கிற இடத்துக்கு வாசல் தெரியாதவன். அங்கேயே அறையலாம் போல இருந்தது. கையை நீட்டி வாசலைக் காட்டினேன்.

"கம்பெனிக்கு என்ன சொன்னே?"

"இன்னும் சொல்லல. அவ சாப்பிடட்டும்" என்று ஓடினான்.

அதற்கப்புறம் எத்தனை நடை ஓட்டினேன், யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், ஒன்றும் நினைவில்லை. முறை முடிந்து டிப்போவில் வண்டியை விட்டதும் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"வந்தானா?"

"வந்தார். வாசல்ல நின்னு எல்லார் முன்னாடியும் டப்பாவத் திறந்தார். சுடச்சுட வாட்டி, அப்படியே மூடி போட்டு இறுக்கிக் கொண்டுவந்திருக்கார் அண்ணா. ஆவி பட்டு எல்லாம் நமுத்துப்போச்சு. ஈரத்துணி மாதிரி இருந்துச்சு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு வாய் தின்னேன். பிடிக்கலன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்."

"அவன்?"

மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"நாளைக்கு மூடி போடாம கொண்டுவரேன்னார்."